மண்வெட்டி மாட்டும் இடம்

எங்கள் மண்வெட்டி சித்திரையில் குமரவேல் மாமா வீட்டுக்குப் போனது. ஆடி பிறந்தும் திரும்பவில்லை. அப்பா ஆறடி உயரம். அவர் முதுகுக்காகவே வழக்கத்தைவிட ஒன்றரைச் சாண் கூடுதல் நீளமாகக் காம்பு போட்ட மண்வெட்டி அது. வேறு மண்வெட்டியால் குனிந்து வரப்பைச் செதுக்கிக் கழித்தால் மூன்று நாள் குப்புறப் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நடவு. அதற்குள் வரப்பு வேலை முடிந்தாக வேண்டும்.

மாமா வீடு இரண்டு வீடு தள்ளித்தான். ஆனால் அவர் அம்மாவின் தம்பி.

"போயி கேட்டுத்தான் பாரேன்பா" என்றேன்.

"என் தம்பிய திருடன்னு சொல்றியா?" என்றாள் அம்மா.

இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் எங்கள் ஊர் மடுகரையில் அதுதான் அர்த்தம். ஆகவே வாயைத் திறக்காமல் கேட்க ஒரு வழி யோசித்தேன். திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு ஒரு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே நான் கற்றது ஒன்றே ஒன்று. சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டுவார்கள். எது காணோம் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

மாட்டுக்கொட்டகைக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரண்டு சவுக்குக் கம்பு நட்டேன். கரையான் ஏறாமலிருக்க அடியில் பழைய ஆயில் பூசினேன். உடைந்த கட்டிலின் பலகைகளைக் குறுக்கே அடித்து, மழைக்கு மேலே ஒரு தகரம். கடப்பாரை நிற்க பைப் துண்டு, அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் ஆணி. நடுவில் சிவப்புப் பெயிண்டில் மண்வெட்டியின் உருவம், காம்பின் முழு நீளத்துக்கும். அங்கே மட்டும் எதையும் மாட்டவில்லை.

தெருவே வந்து பார்த்தது. வியாழக்கிழமை மாமாவும் வந்தார்.

"இன்னாடா ராஜேசு, மண்வெட்டிய எவனாவது வாங்கினு போயி குடுக்கலியா?"

"ஆமா மாமா."

"இன்னா ஜென்மங்களோ!"

தலையாட்டிவிட்டுப் போனவர் சாயங்காலமே மண்வெட்டியோடு வந்து, அவரே மாட்டினார். காம்பு முடிந்த பிறகும் சிவப்புக் கோடு ஒன்றரைச் சாண் கீழே இறங்கியிருந்தது. மாமா ஐந்தடி.

"நீளமா இருந்துச்சி மாமா. வயித்துல இடிச்சுது. அறுத்துட்டேன்" என்றார் அப்பாவிடம்.

"பரவால்ல மச்சான்" என்றார் அப்பா. கை மட்டும் தானாக இடுப்புக்குப் போனது.

அம்மா வந்து பலகையைப் பார்த்தாள். தம்பி அறுத்தது அளவோடு தெருவுக்கே தெரிந்தது. திருடன் இல்லை என்று வாதாடலாம், அறுக்கவில்லை என்று வாதாட முடியாது.

"உன் அளவுக்குத்தான வெட்டிக்கின? சனிக்கிழம நீயே வந்து வரப்பு கழிச்சிக் குடு."

"சனிக்கிழம ஒரு கல்யாணம்கா…"

"யாருக்கு?"

மாமாவுக்கு உடனடியாக ஒரு மாப்பிள்ளை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமா வயலில் இருந்தார். அப்பா மேட்டில் நிமிர்ந்து நின்று, மூலை மூலையாகக் கை காட்டினார்.

"இன்னும் கொஞ்சம் குனிஞ்சி வெட்டு மச்சான்."

"குனிஞ்சிதான் மாமா இருக்கேன்."