வீடு திரும்பிய கழுதை

“நான் செதுக்கின கழுதை, ஊரு அந்தக் கோடியிலிருந்து தானா நடந்து வீட்டுக்கு வந்துடுச்சு மாப்ள!”

வாய்க்குக் கொண்டுபோன டீயை மைத்துனர் கீழே வைத்தார். இதைக் கேட்டுக்கொண்டே குடித்தால் புரையேறும் என்று அவருக்கு அனுபவம் உண்டு.

அக்கா புருஷன் பஸ் ஓட்டிய காலத்திலேயே ஸ்டியரிங்கைவிட வாய்தான் அதிகம் ஓடும். ஓய்வு பெற்றபின் உளியைப் பிடித்தார். வாய் இன்னும் வேகமெடுத்தது. அவருடைய மரக்கொக்கைப் பார்த்துத் தொட்டி மீன்கள் மயங்கி விழுந்தன. மரப்பூனைக்குப் பயந்து எலிகள் வேறு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போயின. எல்லாம் அவரே சொன்னது. மைத்துனரோ கடை கடையாக எடைக்கல் சோதித்த உத்தியோகஸ்தர். கல்யாண மாலையையே தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் போட்டுக்கொண்டார் என்று டிரைவர் சொல்வார்.

பால்கனி மேஜையில், மரச்சீவல்களுக்கு நடுவே கழுதை நின்றது. பேரன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கியது. மைத்துனர் வீட்டுப் பழைய கதவுச் சட்டம்தான் மரம். அதிலிருந்த ஆணித் துளையே கண்ணாகிவிட்டது. பிடரி மயிரை இழை இழையாகக் கீறியிருந்தார். போன மாதம் அக்காவும் சேர்ந்து மூவருமாகத்தான் டிரைவரின் மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“மெயின் ரோட்டை எப்படித் தாண்டுச்சு?”

“சிக்னல் விழுற வரைக்கும் நின்னுச்சு. உன்னை மாதிரி குறுக்க ஓடுமா?”

“மூணு மாடி ஏறினது?”

“லிஃப்ட்டுதான். பட்டன் எட்டலைன்னு கீழ்வீட்டம்மாவைக் கூப்பிட்டுச்சாம்.”

“உங்க வாய்க்கு ஒரு முத்திரை குத்தணும் மாமா. அளவே இல்ல!”

சிரித்துக்கொண்டே கழுதையை எடுத்துப் புரட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. பிடரிக் கீறல்களில் டீத்தூள் சக்கை அடைந்திருந்தது. வயிற்றுக்கடியில் முட்டை ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. முகர்ந்தார். சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம்.

“எங்க கிடந்துச்சு மாமா?”

டிரைவர் உளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

“பையன் இருக்கிற கட்டட வாசல்ல. குப்பைத்தொட்டிக்கு வெளிய ஒரு காலை நீட்டிக்கிட்டு. போட்டவங்க மூடியையாவது ஒழுங்கா மூடியிருக்கலாம்.” குரலைத் தாழ்த்தினார். “உங்கக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”

“பார்த்துட்டா, இன்னொண்ணு செஞ்சேன்னு சொல்லிடுங்களேன்.”

“அந்தக் கண்ணை இன்னொரு தடவை செய்ய முடியுமா? அவ பிடிச்சிடுவா. அதோட, நம்புற மாதிரி பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல மாப்ள.”

மரத்தூள் பட்டால் தும்மல் வரும் என்று பால்கனிப் பக்கமே வராத அக்கா, அன்றைக்கென்று போனும் கையுமாக வந்து நின்றார். முகமெல்லாம் பல்.

“இப்பதான் பையன்கிட்ட பேசினேன். குட்டிப்பய கழுதையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறானாம்! ஒரு நிமிஷம் பிரிய மாட்டேங்கிறானாம்...”

தம்பியின் கையிலிருந்ததைப் பார்த்தார். வாங்கினார். ஆணித் துளைக் கண்ணில் விரல் நுனியை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

டிரைவர் வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

“உங்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்!” அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுடா. இவர் சொல்றதுல ஒண்ணைக்கூட நீ நம்பினதில்ல. உனக்குப் பொய்யும் வராது. இது எப்படி வந்துச்சு?”

அரை கிராம் குறைந்தாலே கடையை இழுத்து மூடவைத்த மனிதர், அக்காவின் இன்னொரு கையில் இன்னும் அணையாமல் மினுங்கிய போனைப் பார்த்தார்.

“நடந்துதான்க்கா வந்துச்சு,” என்றார். “நானே பார்த்தேன். சிக்னல்லகூட நின்னுச்சு.”