மூக்குடைந்த நாரை

காட்டுக்குள் பைனாகுலரோடு நின்றுகொண்டு "பறவை பார்க்கிறேன்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நானும் மார்லீனும் சேர்ந்துதான் பழகினோம். மரங்கொத்தி எது, காக்கை எது என்று கேட்டால் சொல்வோம். அதற்கு மேல் கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவோம். நாங்கள் பெட்டி தேடுகிறவர்கள்.

தண்ணீர் புகாத ஒரு சின்ன டப்பா, அதற்குள் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்று, ஒரு நோட்டு. யாராவது அதைக் காட்டில் ஒளித்துவிட்டு வழிக்குறிப்பை இணையத்தில் போட்டுவிடுவார்கள். தேடிக் கண்டுபிடிப்பவர் அந்த முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொண்டு, தன்னுடைய முத்திரையை டப்பாவின் நோட்டில் பதித்துவிட்டு வர வேண்டும். என் முத்திரை முள்ளம்பன்றி. மார்லீனுடையது தேநீர்க் கெண்டி. முத்திரையின் பெயரால்தான் எங்கள் கூட்டத்தில் எல்லோரையும் கூப்பிடுவார்கள். பரிசு எதுவும் கிடையாது. "அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?" என்று என் கணவர் ரோலண்ட் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

விதிகள் இரண்டு. சும்மா நடக்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது. எடுத்த இடத்திலேயே, எடுத்ததைவிட நன்றாக மறைத்து வைக்க வேண்டும். இரண்டாவது விதியில்தான் எங்கள் நட்பு உடைந்தது.

மெர்ரோ குளத்துப் பெட்டி நாங்களே வைத்தது. கரையோரம் சாய்ந்து நிற்கும் பைன் மரத்தின் வேர்ப் பொந்தில் இருந்தது. முத்திரை ஒரு நாரை, மார்லீன் செதுக்கியது. கடைசியில் கத்தி வழுக்கி மூக்கு நுனி உடைந்துவிட்டது. அவள் தூக்கி எறியப் போனாள். "இருக்கட்டும்டி, எங்கயோ போய் முட்டிக்கிச்சு போல" என்று நான்தான் தடுத்தேன்.

வசந்தத்தில் போய் ஈரமான நோட்டை மாற்றிவிட்டு வருவோம். திருப்பி வைப்பது என் வேலை. மார்லீன் குனிந்து இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, "ம், தெரியல" என்பாள். அதைச் சொன்ன பிறகுதான் கிளம்புவோம். கடைசியாகப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. அவள் காருக்கு ஓடிவிட்டாள். நான் தனியாக வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் தேடிப் போன யாருக்கோ பெட்டி கிடைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மார்லீன் இணையத்தில் எழுதிவிட்டாள்: 'பெட்டி காணவில்லை. கடைசியாகத் திருப்பி வைத்தது முள்ளம்பன்றி.' எங்கள் கூட்டம் மொத்தமும் படிக்கிற பக்கம் அது. அந்த வருடம் எல்லோரும் கூடியபோது ஒருவர் தன் பெட்டியை நீட்டி, "பத்திரமா திருப்பி வச்சிருவீங்கல்ல?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு மார்லீனைக் கூப்பிட்டுக் கத்தினேன், அவளும் கத்தினாள், யார் முதலில் போனை வைத்தது என்று தெரியாது. இரண்டு வருடம் பேச்சே இல்லை.

போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்குள் பீவர் என்கிற நீர்விலங்குகள் குளத்து வாயில் கிளைகளை அடுக்கி அணை கட்டிவிட்டன. தண்ணீர் ஏறி, பைன் மரத்தின் இடுப்பு வரை வந்துவிட்டது. என் மானம் அடியில் முங்கிக் கிடந்தது.

இந்தச் செப்டம்பர் மழையில் அணை உடைந்தது. "பழைய கரை வெளிய வந்துருச்சாம்" என்று ரோலண்ட் சொன்ன மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். பெட்டியைச் சேற்றோடு எடுத்து, அப்படியே மார்லீன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் எனக்கு.

பைன் மரத்துக்குப் பக்கத்தில் தட்டைப் பாறையில் மார்லீன் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பைனாகுலர், கட்டைவிரலில் பெரிய கட்டு.

"இங்க என்ன பண்ற?" என்றேன்.

"பறவ பாக்குறேன்."

என்னிடமே! "நானும் பறவதான்" என்று பாறையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

குளம் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மேப்பிள் மரங்களின் சிவப்பு தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. அவள் போவாள் என்று நானும், நான் போவேன் என்று அவளும் காத்திருந்தோம்.

"என்ன பறவ கெடச்சுது?" என்றேன்.

"அதோ, அந்தக் கிளையில. பழுப்பா."

"அது இலைடி."

"தெரியும். இலைக்குப் பின்னாடி இருக்கு."

"வெரல்ல என்ன?"

"பூசணிக்கா வெட்டினேன்."

பையிலிருந்து ஆப்பிள் சாறு விட்டுச் சுட்ட டோனட் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தாள். தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாசனை விடவில்லை, ஒன்று தின்றேன். அப்போதும் அவள் நகர்வதாக இல்லை. இவள் இருக்கும்வரை வேர்ப் பக்கம் போகமுடியாது என்று புரிந்தது.

"சரி, வரேன்" என்று எழுந்து, வளைவு தாண்டும்வரை நடந்தேன். பிறகு காலணிச் சத்தம் கேட்காமல் பெரணிச் செடிகளுக்குள் புகுந்து திரும்பி வந்தேன். முழங்கால் என்னை வாய்க்கு வந்தபடி திட்டியது.

மார்லீன் வேரடியில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கை பொந்துக்குள் இருந்தது. இன்னொரு கையில் டப்பா.

எனக்கு ரத்தம் கொதித்தது. எடுத்துக்கொண்டு போய் ஒழித்துவிடப் போகிறாள். காலத்துக்கும் நான் தொலைத்தவளாகவே இருக்க வேண்டும் இவளுக்கு.

"வைடி கீழ! எடுத்த எடத்துலயே வை!"

அவள் துள்ளிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "அதத்தானேடி செஞ்சிட்டிருக்கேன்!"

பிடுங்கித் திறந்தேன். வெளியே சேறு பூசியிருந்தது, உள்ளே பொட்டு ஈரமில்லை. நோட்டில் ஒரு பக்கத்தில்கூடப் பதிவில்லை. முத்திரையில் நாரை இருந்தது. மூக்கு நுனி உடைந்திருந்தது. ஆனால் ரப்பரில் புது வாசனை.

"இது நம்ம பழசு இல்ல."

"இல்ல" என்றாள், என்னைப் பார்க்காமல். "'தண்ணி வடிஞ்சதும் போய்ப் பாத்தேன், பெட்டி முள்ளம்பன்றி வச்ச எடத்துலயே இருந்துச்சு'ன்னு எழுதலாம்னு இருந்தேன். மொதல்ல மூக்க முழுசா, அழகா செதுக்கிட்டேன். அப்புறம் அத ஒடைக்கப் போயிதான் வெரல வெட்டிக்கிட்டேன்."

முழங்கையை நனைத்துக்கொண்டு பொந்துக்குள் கைவிட்டேன். சேறு, ஒரு சிப்பி ஓடு. வேரின் மறுபக்கமும் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் அவள் கைவிட்டாள். அங்கேயும் சேறுதான்.

"அப்ப நான் ஒழுங்காதான் வச்சேன்னு ஒத்துக்குற?"

"இல்ல. நீதான் தொலைச்சேன்னு இப்பவும் நெனைக்கிறேன்."

"ஒழுங்காதான்டி வச்சேன்! தண்ணி கொண்டுபோயிருச்சு!"

"சரி, கொண்டுபோயிருச்சு."

"பின்ன எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"ரெண்டு வருஷமா தனியாதான் தேடுறேன். கெடச்சாலும் யார்கிட்ட காட்டுறது? அன்னிக்கு உன் பேரப் போட்டு எழுதியிருக்கக் கூடாது, க்ளாடெட். தொலைச்சா தொலைச்சுட்டுப் போ."

மன்னிப்பு என்று பார்த்தால் அரைகுறை மன்னிப்பு. நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூக்குடைந்த அந்த நாரையைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட முடியவில்லை. அழுகைதான் வந்தது. அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சேறு படாத அவளுடைய ஒரு சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்தோம், என் சட்டைதான் சேறாகிவிட்டதே.

"பொய்யெல்லாம் எழுத வேணாம்" என்றேன். "பழசு போச்சு, புதுசு வச்சாச்சுன்னு எழுது. அதோட இங்க வச்சா அடுத்த வருஷம் பீவர் வந்து மறுபடியும் முக்கிரும். மேல வா."

மேட்டில் பழைய கல்சுவர் ஓடுகிறது. ஒரு கல்லுக்கு அடியில் டப்பா அளவுக்கு நல்ல இடுக்கு. நோட்டின் முதல் பக்கத்தில் முள்ளம்பன்றியும் தேநீர்க் கெண்டியும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்தன. மார்லீன் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வை."

வாங்கி இடுக்கில் தள்ளி, முன்னால் ஒரு மரப்பட்டையைச் சாத்தி, மேலே இலைகளைப் போட்டு, பின்னால் நகர்ந்து நின்றேன். அவள் குனிவதற்காக வழிவிட்டேன்.

மார்லீன் குனியவில்லை. பையை மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கினாள்.

"பாக்கலியா?" என்றேன்.

"எதுக்கு? நீ வச்சுட்டல்ல" என்று திரும்பாமலே சொன்னாள். "வா, இன்னும் ரெண்டு டோனட் இருக்கு."

பாதி வழி வரைக்கும் அவளோடு நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நானே குனிந்து பார்த்துவிட்டு வந்தேன்.