பட்டைக்கு ஐந்து கட்டம்

இந்த ஊரில் எல்லோருக்கும் கணக்கு தெரியும். கணக்கு டீச்சரான எனக்குத்தான் தெரியாது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாதிரி வகுப்பு. அது நன்றாக நடந்தால்தான் கீழ்பென்னாத்தூர் சாலைப் பள்ளியில் என் வேலை நிரந்தரம். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் முப்பத்தைந்தை 305 என்று எழுதுகிறார்கள். பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டினால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதனால் ஐந்து ஐந்தாகக் காட்ட நினைத்தேன். ஒற்றைக் கட்டங்கள், ஐந்து கட்டம் சேர்ந்த பட்டை, ஐந்து பட்டை சேர்ந்த சதுரம். இந்த முறையில் ஐந்தை 10 என்றுதான் எழுத வேண்டும்: ஒரு பட்டை, உதிரி ஒன்றுமில்லை. கணினியில் வரைந்து, பட்டையின் கீழே 10, சதுரத்தின் கீழே 100 என்று போட்டு, பலராமன் கடையில் அச்சடிக்கக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாங்கப் போனால், பட்டைக்குப் பத்துக் கட்டம், சதுரத்துக்கு நூறு.

"யாருங்க மாத்தச் சொன்னது?"

"பத்துன்னு போட்டுட்டு அஞ்சு கட்டந்தான் வரைஞ்சிருந்தீங்க, வஜீதா மேடம். புள்ளைங்க தப்பா படிச்சிடுமேன்னு நானே சரி பண்ணிட்டேன்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டம், தெருவே அடைத்துக் கிடந்தது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். பட்டையை நடுவில் வெட்டினால் இரண்டு ஐந்து. நூறு கட்டச் சதுரத்தை நான்காக வெட்டினால் நான்கு இருபத்தைந்து. பலராமனும் உட்கார்ந்து வெட்டினார். அஞ்சை ஏன் பத்துன்னு எழுதணும் என்று கேட்டார். திட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

வகுப்பு நன்றாகவே போனது. பலகையில் 'ஐந்து முறை' என்று பெரிதாக எழுதியிருந்தேன். பதின்மூன்று கட்டங்களைக் கொடுத்ததும் ஃபரா பத்தைக் கொடுத்து இரண்டு பட்டை வாங்கினாள், மூன்றை உதிரியாக வைத்தாள், பலகையில் 23 என்று எழுதினாள். போன வாரம்வரை 305 எழுதிய பெண்.

"மிஸ், அப்ப முப்பத்தஞ்சுல நடுவுல சைபரே வராது. மூணு பத்து, அஞ்சு உதிரி, அவ்ளோதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வகுப்பை மதிப்பிடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணக்குத் துறைத் தலைவர் ராஜமாணிக்கம் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. 23-ஐ அழித்து 13 என்று எழுதினார்.

"எண்ணக்கூடத் தெரியாம புள்ளைங்கள கெடுக்கறீங்க. ரிப்போர்ட்ல எழுதிடறேன்."

அச்சுக் கடைக்காரருக்கு ஏன் என்று கேட்கத் தோன்றியது. முப்பது வருடம் கணக்கு நடத்திய இந்த மனிதருக்குத் தோன்றவில்லை. பலகையில் தன் தலைக்கு மேலே இருந்த இரண்டு வார்த்தையைக்கூடப் படிக்கவில்லை.

ஃபரா என்னைப் பார்த்தாள். "அப்ப முப்பத்தஞ்சும் தப்பா மிஸ்?"

வேலை போனால் போகட்டும். அவர் எழுதியதை அவர் முன்னாலேயே அழித்தேன். சாக்பீஸை ஃபராவிடம் கொடுத்தேன்.

"நீ எழுதினதையே எழுதும்மா."