பஞ்சுவின் இடது காது

சோபா தைக்கிறவர் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது பஞ்சு ஓடி வரவில்லை. கூடத்தில் தம்பி மனைவியின் நாற்காலியடியில் மோவாயைத் தரையில் பதித்துப் படுத்திருந்தது. அவரைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது. கடமை முடிந்தது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டது. அவளோ நாற்காலிமேல் காலை மடக்கி வைத்துச் செல்போனில் மூழ்கியிருந்தாள். நாய் ஒன்று பக்கத்தில் கிடப்பதே தெரியாதவள் மாதிரி இருந்த அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய சோபாவிலிருந்து பிடுங்கிப்போட்ட பஞ்சுக் குவியலுக்குள் குட்டியாகச் சுருண்டு கிடந்ததை அவர்தான் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதருக்கு வீடு என்றால் தம்பியும் அதுவும்தான். தம்பிக்குக் கல்யாணமானது. சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கும் ஆபீஸ் கதைகளை எல்லாம் இப்போது அவன் அறைக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டு வருகிறான். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் நாயும் கட்சி மாறியதைத் தாங்க முடியவில்லை. அதுவும் யாரிடம்? நாயைக் கண்டால் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறவளிடம்! அவள் அதை ஒரு நாளும் தொட்டதில்லை. திருட்டுத்தனமாக எதையாவது ஊட்டுகிறாளோ என்று சில நாள் வேவுகூடப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அது எரிச்சலை இன்னும் கிளறியது.

அன்று விட்டுக்கொடுக்க மனம் வராமல் அவரே போய் நாயின் எதிரில் உட்கார்ந்தார். "என்னடா, இந்த வீட்டுல நான் ஒருத்தன் இருக்கறது மறந்துபோச்சா?" என்று இரண்டு காதையும் பிடித்துப் பிசைந்தார். குட்டியிலிருந்து அவர் கொஞ்சுவது அப்படித்தான். சோபாவுக்குத் தோலை இழுத்து ஆணி அடித்தே காய்த்துப்போன கை. பஞ்சு உறுமியது. அவர் விடவில்லை. மறு நொடி மணிக்கட்டில் பல் இறங்கியிருந்தது.

தம்பி அறையிலிருந்து ஓடிவந்தான். ரத்தத்தைப் பார்த்ததும், "வளத்தவனையே கடிக்குது. இனிமே இத வீட்டுல வச்சுக்க முடியாதுண்ணே," என்றான்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ மனச கெடுத்திருக்காங்க." இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தம்பி மனைவிக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். "நான் அதைத் தொட்டதே இல்ல மாமா. ஒருவேளை அதனாலதான் எங்கிட்ட வருதோ என்னவோ. நீங்க இடது காதப் பிடிக்கும்போதெல்லாம் உறுமுது. நீங்க வேலைக்குப் போனப்புறம் அந்தப் பக்கத்தையே தரையில போட்டுத் தேய்க்குது. இவர்கிட்ட சொன்னேன்."

தம்பி துணி எடுத்து வருகிற சாக்கில் உள்ளே போனான்.

மறுநாள் தனக்கு ஊசி போட்டுக்கொண்ட கையோடு பஞ்சுவையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப நாள் புண்ணுங்க. உள்ள தடிச்சே போயிருக்கு. முரடாயிடுச்சுன்னு நிறைய பேர் நாயைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போறாங்க. பாத்தா உள்ள எங்கயாவது வலி இருக்கும்."

"சரியாயிடுங்களா?"

"அடங்கும். திரும்பவும் வரும். ஆயுசுக்கும் பாத்துக்கணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குத் தன் கையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தினமும் ஆசையாகப் பிசைந்தது புண்ணையா? ஆனால் அந்தக் கூச்சத்துக்கும் அடியில் பழைய நெருப்பு அணையாமல் கனன்றது. நாயின் வலியைக் கண்டுபிடித்தவள் அவள். தொடாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

காதில் விடும் மருந்து எரியும், விடுகிறவர்மேல் நாய்க்குக் கொஞ்ச நாள் கோபம் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதை வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

"நீயே விடும்மா. என் கை முரடு," என்று சீசாவைத் தம்பி மனைவியிடம் நீட்டினார். சொன்ன காரணம் பொய்யில்லை. சொல்லாத காரணம் அவருக்கு மட்டும் தெரியும்.

அவள் சீசாவையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "கடிச்சிடுமா மாமா?"

"நான் பிடிச்சிருக்கேன்ல."

முழங்காலிட்டு உட்கார்ந்தாள். விரல் நுனிகளால், நனைந்த காகிதத்தைப் பிரிப்பதுபோல் அந்தக் காதைத் தூக்கினாள். மருந்து இறங்கியதும் பஞ்சு முனகித் துள்ளியது. அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். பிடியைத் தளர்த்தியதும் அது தலையை உதறியதில் இருவர் முகத்திலும் மருந்து தெறித்தது. பயந்து பின்னால் சாய்ந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. பஞ்சு அவளைப் பார்த்து உறுமும் என்று காத்திருந்தார். உறுமவில்லை.

அவள் கை கழுவ உள்ளே போனாள். அவர் கை பழக்கத்தில் நாயின் தலைக்குப் போய், பாதியில் நின்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் காற்றிலேயே இருந்தது. பிறகு மெதுவாக முதுகில் இறங்கியது. பஞ்சு விலகவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் அவர் முழங்கால்மேல் சாய்த்தது. கண் மட்டும் உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வந்த பக்கமே இருந்தது.