கடையில் போட்ட கணக்கு

தையற்காரர் எதையும் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். செருப்பு, மூக்குக்கண்ணாடி என்றால் சரி. நாற்காலி வாங்கப் போனாலும் கடையிலேயே சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்ட பிறகுதான் விலையே கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கால்குலேட்டர் வாங்க அழைத்து வந்தது தன் தப்புதான் என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டாள்.

அவள் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். பெரிய வகுப்புகளுக்குப் போக உயர்கணிதப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். போன தடவை, மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுமே கை நடுங்கி, தெரிந்த கணக்கெல்லாம் மறந்து, பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இந்தத் தடவை விண்ணப்பம் போட்டாயிற்று. போவதா வேண்டாமா என்று மனசு மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்தத் தயக்கத்தை யாரிடமும் சொல்லவில்லை. “பரீட்சைக்கு வரைபடம் போடற கால்குலேட்டர் ஒண்ணு வேணுங்க” என்று மட்டும் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

“இருக்கறதுலயே பெருசா எடும்மா. கொஞ்சம் கூடவே இருக்கட்டும்” என்றார் அவர், கடைக்காரப் பெண்ணிடம். துணி என்று நினைப்பு.

பெரியது வந்தது. சமன்பாட்டைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தியதும் விடை வந்து விழுந்தது.

“பரவால்லையே, நீ ஒண்ணுமே செய்ய வேணாம் போல.”

“அதனாலதான் சார் இதைப் பரீட்சை ஹாலுக்குள்ள விடமாட்டாங்க” என்றாள் கடைக்காரப் பெண். தையற்காரர் முகம் தொங்கிப் போயிற்று.

அனுமதி உள்ளவை இரண்டு இருந்தன. ஒன்று வண்ணத் திரை, மற்றது கறுப்பு வெள்ளை.

“ரெண்டுலயும் ஒரு முழுக் கணக்கு போட்டுப் பாரு.”

“இங்கயா? எல்லாரும் பாப்பாங்க.”

“இதுக்குன்னு தனி ரூமா வச்சிருக்காங்க? போடு.”

வாதாடிப் பயனில்லை என்று ஒரு பழைய பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். வண்ணத் திரையில் ஒவ்வொன்றையும் மெனுவுக்குள் மெனுவாகத் தேட வேண்டியிருந்தது. பெருமூச்சு விட்டுத் தள்ளி வைத்தாள். கறுப்பு வெள்ளையில் வேண்டியதெல்லாம் விரலுக்கடியில் இருந்தது. ஆனால் அவள் கணக்குப்படி அச்சைத் தொட வேண்டிய வளைவு, தொடாமல் மேலேயே நின்றது. பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதும் தொடவில்லை. பில்லில் போட்டதையும் திரையில் தட்டியதையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தாள். தட்டும்போது நடுவில் ஒரு கழித்தல் குறியை முழுங்கியிருந்தாள். திருத்தி, மறுபடி வரைந்தாள். வளைவு இறங்கி வந்து அச்சைத் தொட்டது.

நிமிர்ந்தபோது பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கல்லாவிலிருந்த முதலாளிகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பலேருந்து நிக்கறாங்க?”

“நீ ஆரம்பிச்சதுலேருந்து” என்றார் கணவர்.

அவள் தன் கையைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை. அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

“இதையே எடுத்துக்கறேன்” என்றவள், கொஞ்சம் தயங்கி, “நான் பரீட்சைக்குப் போறேங்க” என்றாள்.

தையற்காரர் விளங்காமல் அவளைப் பார்த்தார்.

“பின்ன, போகாம எப்படி?”

இத்தனை நாளில் அவருக்கு அப்படியொரு சந்தேகமே வந்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.