பக்கத்தில் உள்ள படம்

தாட்சாயணி அனுப்பிய பாடத்தை வளையல் கடையில் நின்றபடியேதான் போனில் திறந்தேன். திருப்பதியில் காலைக் கூட்டம் வடிந்து, முதலாளி ஹரிபாபு காபி குடிக்கப் போயிருந்த நேரம். "உனக்காகத்தான்டி செஞ்சேன். பார்த்துட்டுச் சொல்லு. புரிஞ்சா இந்த வருசமே பத்தாவது எழுதிடு" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

அவளும் நானும் சித்தூரில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நைனாவுக்கு வேலை போனதும் நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அவள் மேலே படித்து, இப்போது இங்கே ஒரு சின்ன கம்பெனியில் ஆன்லைன் பாடங்கள் தயாரிக்கிறாள். பள்ளியை விட்டவர்கள் தனியாகப் பத்தாவது எழுதுவதற்கான தமிழ்ப் பாடங்கள். எந்த வேலைக்குப் போனாலும் ஒன்பதாவது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்திருந்தது. இந்தப் பாடம் புரிந்தால் பணம் செலுத்திப் பரீட்சைக்குப் பெயர் கட்டுவது, புரியாவிட்டால் அந்த ஆசையையே விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

இதயத்தைப் பற்றிய பாடம். 'பக்கத்தில் உள்ள படத்தைப் பாருங்கள்' என்று இருந்தது. படம் இல்லை. விரலால் பக்கவாட்டில் தள்ளினேன். பாடமே மூடிக்கொண்டது. மறுபடி திறந்து கீழே போனால், எழுத்தெல்லாம் முடிந்த பிறகு படங்கள் மொத்தமாக வரிசையில் கிடந்தன. எந்தப் படம் எந்த வரிக்கு என்று தெரியவில்லை. கடைசியில் 'பொருத்துக'. சொற்கள் மேலே, விடைகள் திரைக்கு வெளியே எங்கோ அடியில். ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், பாதி வழியில் நழுவித் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்பச் சைபர்.

ஒன்பதாவதில் நின்ற மூளைக்கு இவ்வளவுதான் என்று நினைத்தேன். 'சூப்பரா இருக்குடி. கடையில வேலை ஜாஸ்தி, அடுத்த வருசம் பார்க்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே கடைக்கு வந்து நின்றாள்.

"சூப்பரா கீதுன்னு சொல்லிட்டு, ஒண்ணுகூட சரியா போடாம இன்னாடி பண்ணிக்கினு இருந்த?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யார் இன்னா போட்டாங்கன்னு என் கம்ப்யூட்டர்ல வரும்டி."

எனக்கு முகம் சுட்டது. வளையல் அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன். "எனக்கு மண்டையில ஏறல தாட்சா. வுட்டுடு."

"இதயத்துக்கு எத்தினி அறை?"

"நாலு."

"ஏறிகீதில்ல? போனை எடு. என் எதிர்லயே பண்ணு."

ஹரிபாபு நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, வளையல் வாங்க வந்தியா, பரீட்ச வைக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார். நல்லதா ஒரு டஜன் எடுத்து வைங்க."

நான் செய்துகாட்டினேன். இரண்டாவது வரியிலேயே அவள் என் கையைப் பிடித்தாள். "இரு, இரு. படம் எங்க?"

"அதத்தான் நானும் தேடறேன். பக்கத்துலன்னு எழுதிகீற. எந்தப் பக்கத்துல? அடுத்த பக்கத்துலயா?"

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஹரிபாபு பில் போடும் அகலத் திரை டேப்பைக் கேட்டு வாங்கி, அதே பாடத்தைத் திறந்தாள். அதில் எழுத்து இடப்பக்கம், படம் வலப்பக்கம், விரித்துவைத்த புத்தகம் போல அழகாக வந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சித்தூர் வகுப்பு வந்துவிட்டது. எங்கள் தமிழ் மீடியத்துக்குப் புத்தகம் எப்போதும் குறைவாகத்தான் வரும். இரண்டு பேருக்கு ஒன்று. அதை நடுவில் விரித்து வைத்துக்கொள்வோம். இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவளுடையது. "என் பக்கத்துல கை வெக்காத" என்று ஓயாமல் சண்டை. முதலில் முடித்தவள் மற்றவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவரை தொடையில் கிள்ளிக்கொண்டே இருப்பாள் தாட்சாயணி. புத்தகத்தின் கோந்து வாசனைகூட இப்போது மூக்கில் ஏறியது.

"இது நம்ம பொஸ்தகம்தானே?" என்றேன்.

"ஆமாடி." டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ நின்னப்புறம் முழு பொஸ்தகமும் எனக்குத்தான். ஆனா நடுவுலயே வெச்சிக்கினுதான் படிப்பேன். அந்த மாதிரி இருக்கணும்னு ஆசைப்பட்டுப் பண்ணேன். பெரிய ஸ்கிரீன்ல செஞ்சி, பெரிய ஸ்கிரீன்லயே பார்த்துட்டேன். உன் கையில கீற போன்ல எப்படி வரும்னு பார்க்கல."

"நல்லாத்தான் கீது. என் போன்ல கொள்ளல, அவ்ளோதான்."

"கொள்ளாததை வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, வளையல் அட்டையின் பின்புறத்தில் என் போன் அளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். "மொதல்ல சின்னதுக்கு செய்யணும். ஒரு வரி, அது கீழயே அதோட படம். பெருசுல அது தானா விரிஞ்சிக்கட்டும். 'பக்கத்தில்'ன்ற வார்த்தையே வேணாம். இழுக்கறதும் வேணாம், தொட்டா போதும்."

அடுத்த வாரம் புதிய பாடம் வந்தது. ஒரு கையில் வளையல் டப்பா இருக்க, மறு கையின் கட்டைவிரலுக்கே எல்லாம் எட்டியது. வரியும் படமும் சேர்ந்தே வந்தன. பொருத்துகவில் ஒரு சொல்லைத் தொட்டால் விடைகள் அதன் அடியிலேயே திறந்தன. ஒன்றைத் தவிர எல்லாம் சரி. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி என்று தொட்டிருந்தேன், அது சிரை. போனைக் குறை சொல்ல வழியே இல்லை. எனக்குத் தெரியாததால் வந்த தப்பு அது. மேலே போய்ப் படித்தேன். புரிந்தது.

தாட்சாயணிக்கு போன் போட்டேன். "ஒண்ணு தப்பு பண்ணிட்டேன்டி."

"ஐயோ, மறுபடி எது வேலை செய்யல?"

"எல்லாம் செய்யுது. நான்தான் படிக்கல. இப்போ படிச்சிட்டேன்." கடைக்குள் ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். படிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தாழ்ந்துபோகும் குரலை இந்த முறை தாழ்த்தாமல் கேட்டேன்: "பேர் கட்ட இன்னா இன்னா எடுத்தாரணும், சொல்லு."