இரட்டைப்படையில் போங்கள்

காப்பீட்டு அலுவலகத்தின் அந்தப் பிரிவில் மொத்தம் ஏழு பேர். ஆறு பேர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஏழாவது ஆள் அவள். பிறந்தது, வளர்ந்தது, வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியது எல்லாம் இந்த ஊரில்தான். அதனால் ஆபீசில் அவளுக்கு 'உள்ளூரு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், எங்கே போவது, எங்கே என்ன சாப்பிடுவது, எழுதிக் கொடு என்று மேனேஜர் மேடம் அவளைத்தான் கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாலு பக்கம் எழுதினாள். மலைமேல் பார்வைமேடைக்கு எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், பிந்தினால் பனி கலைந்து மொட்டைப் பாறைதான் மிஞ்சும். ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடையில் பொரித்த மீனைப் பன்னிரண்டுக்கு முன்னால் கேட்க வேண்டும், அப்புறம் எண்ணெய் கறுத்துவிடும். மிதிபடகில் இரண்டிரண்டு பேராகத்தான் ஏற்றுவார்கள், ஆகவே இரட்டைப்படையில் போங்கள்.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருப்பாள். அப்பா சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். பார்வைமேடைக்கு ஆயிரம் தடவை போய், வண்டி நிறுத்துமிடத்தை மட்டும் பார்த்தவர். அம்மா ஏரிக்கரைக் கடையின் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து மீன் கழுவுகிறவள். ஊரின் அழகெல்லாம் அந்த வீட்டுக்குக் கொல்லைப்புற வாசல் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. படகில் போகிறவர்கள் கரையைப் பார்த்துக் கையாட்டுவார்களாம். "யாருக்கோ ஆட்டுறாங்க, நமக்கா ஆட்டப்போறாங்க? நான் நிமிர்ந்தே பாக்க மாட்டேன்" என்பாள் அம்மா.

அந்தப் படகில் அவள் ஒருதரம்கூட ஏறியதில்லை. சின்ன வயசிலிருந்து அந்த ஆசை தொண்டையில் முள்ளாக நின்றது. இப்போது ஆபீஸ் ஆட்களோடு ஏறப்போகிறோம் என்று புதுச் செருப்பு வாங்கினாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வண்டி எத்தனை மணிக்கு என்று யாரும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை மதியம் பொறுக்க முடியாமல் பக்கத்து இருக்கை அக்காவிடம் அவளே கேட்டுவிட்டாள்.

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "நீ எதுக்கும்மா? இங்கயே பொறந்தவ, பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும். அதுவும் ஏழு பேருன்னா ஒத்தப்படையாயிடுது. இரட்டைப்படையில போங்கன்னு நீதானே எழுதிக் குடுத்த?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மீதி நேரம் முழுக்கத் தட்டச்சுப் பலகையை இடி இடியென்று இடித்தாள்.

ஞாயிறு காலை வீம்புக்குத் தனியாகவே ஏரிக்குப் போனாள். படகுச் சீட்டுக் கொடுப்பவர் அவள் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். தனி ஆளுக்குப் படகு கிடையாது என்றார்.

"ஏண்ணே?"

"போன வருஷம் ஒருத்தர் தனியா போனாரு. படகு மட்டும் திரும்பி வந்துச்சு."

"நான் சாக வரலண்ணே. நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு."

"அவரும் அதத்தாம்மா சொன்னாரு."

கடையின் பின்பக்கம் போனாள். அம்மாவின் முழங்கை வரைக்கும் செதில். அரை மணி நேரம் வா, படகில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று கூப்பிட்டாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமையிலயா? ஏன்டி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா வந்திருக்க?" குரல் உடனே இறங்கியது. "ஆபீஸ்காரங்களோட போறேன்னியே, எங்க அவங்க?"

வருகிறார்கள் என்றாள். அம்மா உள்ளே போய்ப் பொரித்த மீனின் வால்துண்டு ஒன்றைத் தாளில் சுற்றி வந்து கொடுத்தாள். அவள் வழக்கம்போல் சுவரோரம் நின்றுகொண்டே தின்றாள். மீன் சூடாக, நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

படகுத்துறைக்குத் திரும்பியபோது ஆபீஸ் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஐந்து பேர். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி வாந்தியெடுத்த அக்கா வண்டியிலேயே படுத்துவிட்டாளாம். மேனேஜர் மேடம் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, உள்ளூரு! நல்ல நேரத்துல வந்த. ஒரு ஆள் குறையுதேன்னு பாத்தேன். வா வா, என்கூட ஏறு."

ஒப்புக்குச் சப்பாணி. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் படகு காலடியிலேயே ஆடிக்கொண்டிருந்தது. சீட்டுக்காரர் இந்தத் தடவை ஒன்றும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஏறினாள்.

மேடம் மிதிக்கவில்லை, படம் எடுத்தார். அவள்தான் மிதித்தாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. மலை, மேகம், எல்லாம் நாலு பக்கத்தில் எழுதியபடியே இருந்தன. உன் பட்டியல் பிரமாதம், ஒரு இடம்கூடப் பிசகவில்லை என்றார் மேடம். படகு மெல்லத் திரும்பியது. கடையின் முதுகு தெரிந்தது. அடுக்கிவைத்த கூடைகள், ஓடும் சாக்கடை, குழாய், அதனடியில் குத்தவைத்து உட்கார்ந்த ஒருத்தி, கைப்பிடி அளவுக்கு. தண்ணீரிலிருந்து பார்த்தால் இவ்வளவு துலக்கமாகத் தெரியும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. அந்த நாலு பக்கத்தில் இது இல்லை.

மேடம் போனைத் தாழ்த்தினார். "ஐயே, இதையெல்லாம் மறைக்கக் கூடாதா? ஃபோட்டோல விழுது. யாரது அங்க?"

"எங்கம்மா."

மேடம் "ஓ" என்றார். பிறகு முதல்முறையாக மிதிக்க ஆரம்பித்தார், வேகமாக.

அவள் கையைத் தூக்கி ஆட்டினாள். மேடம் பார்க்கிறார் என்று தெரிந்தும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கரையில் அம்மா ஒரு மீனைக் கழுவி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நிமிரவில்லை.